பசும்புளியும் பப்பாளியும்

குறுந்தொகையின் 287ஆம் பாடலை வகுப்பில் நடத்தும்போது ஆண்டுதோறும் இரண்டு இடங்களில் சிரிப்பொலி எழும். நீர்சுமந்து மலைநோக்கி மெல்ல ஏறும் கார்மேகத்தைக் கச்சிப்பேட்டு நன்னாகையார் நிறைசூலியாகக் காண்கிறார். அச்சூலிக்குப் பசும்புளிமேல் வேட்கை என்றதும் முதற் சிரிப்பு. அவள் சுமப்பது பன்னிரு திங்கள் என்றதும் இரண்டாம் சிரிப்பு. பன்னிரண்டுக்கு உரையாசிரியர்கள் விடை சொல்லிக்கொள்ளட்டும். 'பத்து மாதம் சுமந்து பெற்றவள்' என்னும் நம் வழக்கை மட்டும் பிழையென்று தள்ளிவிட வேண்டியதில்லை. இறுதி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் என்பதே மருத்துவர் போடும் கணக்கு. இருபத்தெட்டு நாளை ஒரு மாதமாகக் கொண்டால் அது சரியாகப் பத்து.

புறநானூற்றின் 20ஆம் பாடலுக்கு மாணவர்கள் சிரிப்பதில்லை, வியக்கிறார்கள். குறுங்கோழியூர்கிழார் சேரமன்னனின் நாட்டைப் பாடுகையில், வயாவுற்ற மகளிர் விரும்பி உண்பதல்லாமல் பகைவரால் உண்ணப்படாத மண் அது என்கிறார். சூலி மண் தின்பது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே புலவர் எடுத்தாளும் அளவுக்கு ஊரறிந்த செய்தியாக இருந்திருக்கிறது. இன்றும் சாம்பல், பலப்பம், செங்கற்பொடி, பச்சரிசி என்று மறைவாகத் தின்னும் பெண்கள் உண்டு. மருத்துவம் இதனைப் பைக்கா என்கிறது. இரும்புச்சத்துக் குறைவோடு இதற்குத் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. 'மசக்கையில் கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குழந்தைக்குக் காதில் சீழ் வடியும்' என்று சொல்லி மண்ணையும் அனுமதிக்கும் வீடுகளை அறிவோம். மண்ணோடு புழு முட்டைகளும் உள்ளே போகும். மண்மேல் ஆசை வந்தால் கொடுக்க வேண்டியது மண்ணன்று. இரத்தப் பரிசோதனைக்கு ஊசிமுனையளவு இரத்தம்.

நாங்கள் மருத்துவர் அல்லர். எங்களுள் ஒருவருக்குத் தமிழும் மற்றவருக்குக் கணக்கும் சோறு போடுகின்றன. ஆயினும் இதைப் பற்றி எழுதக் காரணம் உண்டு.

2008ஆம் ஆண்டு எங்கள் முதற்கரு ஒன்பதாம் வாரத்தில் கலைந்தது. அதற்கு நான்கு நாள் முன்னர் உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவரின் இல்லத்தில் துணைவியார் இரண்டு துண்டு பப்பாளிப்பழம் உண்டிருந்தார். மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று மாலையே உறவினர் கூடிவிட்டனர். 'உடம்பு எப்படி இருக்கிறது?' என்று கேட்டவர்கள் சிலர். 'என்ன தின்றாய்?' என்று கேட்டவர்கள் பலர். இரண்டாவது கேள்விக்கு அவர் உண்மையைச் சொன்னார். அத்தோடு வழக்கு முடிந்தது, தீர்ப்பும் எழுதப்பட்டது. புழக்கடையில் காய்த்து நின்ற பப்பாளி மரத்தை அம்மா மறுநாள் காலை அரிவாளால் வெட்டிச் சாய்த்தார்கள். மரத்தின்மேல் இருந்த சினம் அது என்றே அம்மா இன்றளவும் சொல்வார்கள். ஆனால் சன்னலோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

பின் நான்கு ஆண்டுகள் எங்கள் வீட்டில் பப்பாளி என்ற சொல்லை யாரும் உச்சரித்ததில்லை. சந்தையில் அப்பழம் குவித்துவைத்த கடையைத் துணைவியார் சுற்றிக்கொண்டு போவார். கணக்கு கற்பிப்பவர், காரணகாரியம் தெரிந்தவர். ஆயினும் இழப்பு நேர்ந்த இடத்தில் தருக்கம் நெடுநேரம் நிற்பதில்லை.

2012இல் நாங்கள் நாடிய மகப்பேறு மருத்துவர் எங்கள் பழைய கதையைக் கேட்டுவிட்டு மருந்துச்சீட்டின் பின்புறத்தில் நாற்பத்தாறு சிறு கோடுகள் கிழித்தார். கருவில் அமைய வேண்டிய குரோமோசோம்கள் அவை. முட்டையும் விந்தணுவும் உருவாகும்போது இந்த எண்ணிக்கையில் ஒன்று கூடியோ குறைந்தோ போவது இயற்கையில் அடிக்கடி நேர்வது. முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதிக்கு இதுவே காரணம் என்றார். உறுதியான கருக்களிலேயே பத்தில் ஒன்று முதல் இரண்டு வரை கலைந்துவிடுகின்றன. மாடிப்படி ஏறியது, பேருந்தில் சென்றது, அலுவலகப் பணி செய்தது, உண்ட பழம் இவற்றில் எதையும் அதற்குப் பொறுப்பாக்க முடியாது.

'எனில் பப்பாளி?' என்று துணைவியார் கேட்டார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் அச்சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டது அன்றுதான்.

பப்பாளி பற்றிய அச்சம் முழுக்க முழுக்கக் கற்பனையன்று என்பதையும் சொல்ல வேண்டும். காயைக் கீறினால் வடியும் பாலில் பப்பேயின் முதலிய நொதிகள் உண்டு. 2002இல் பிரிட்டிஷ் ஊட்டச்சத்து ஆய்விதழில் வெளிவந்த ஆய்வு ஒன்றில், எலியின் கருப்பைத் தசையை அந்தப் பால் சுருங்கச் செய்தது. அதே ஆய்வில், நன்கு கனிந்த பழத்தை உண்ட சினை எலிகளுக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை. எலிக்குக் கண்டது மனிதர்க்கு அப்படியே பொருந்தும் என்றில்லை. எனினும் காயையும் செங்காயையும் தவிர்ப்பது நன்று. கனிந்த பழத்தை அளவோடு உண்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. நம் முன்னோர் காய்க்குச் சொன்ன எச்சரிக்கை எப்படியோ பழத்துக்கும் பரவி, அங்கிருந்து அன்னாசிக்கும் எள்ளுக்கும் தாவி, கடைசியில் ஒரு பெண்ணின் தலைமேல் குற்றமாக இறங்கிவிட்டது.

நம்பிக்கைகளுள் சில வெறும் வேடிக்கை. வயிறு கூம்பியிருந்தால் ஆண், பரந்திருந்தால் பெண் என்பது அவ்வகை. பாதி முறை பலித்துவிடும். இரண்டே விடை உள்ள கேள்விக்குக் கிளி சோதிடமும் பாதி முறை பலிக்கும். ஆனால் 'பெண்ணாகவே பெற்றுப்போடுகிறாள்' என்ற ஏச்சு வேடிக்கையன்று. பாலினத்தை முடிவு செய்வது ஒரு குறிப்பிட்ட குரோமோசோம் என்று நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண் அறிவியலாளர் மாவுப்புழு வண்டுகளை ஆராய்ந்து 1905இலேயே வெளியிட்டார். தாயின் முட்டையில் எப்போதும் எக்ஸ்தான். எக்ஸோ ஒய்யோ கொண்டுவருவது தந்தையின் அணு. நூற்றிருபது ஆண்டுகள் கடந்தும் ஏச்சு மட்டும் முகவரி மாறாமல் தாய்க்கே போய்ச் சேர்கிறது. ஸ்கேன் செய்து பாலினம் சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்க வேண்டியிருந்தது என்றால் அந்த ஏச்சின் வலிமையை எண்ணிப் பாருங்கள்.

குங்குமப்பூவைப் பற்றி ஒரு வரி போதும். குழந்தையின் நிறம் பெற்றோரின் மரபணுக்களில் இருக்கிறது. பாலில் மிதக்கும் இதழில் இல்லை. ஒரு கிராம் குங்குமப்பூவுக்குக் கொடுக்கும் பணத்தில் எத்தனை முட்டை வாங்கலாம் என்று துணைவியார் கணக்குப் போட்டுக் காட்டியது தனிக்கதை.

நிறத்தைப் பற்றிய இந்தக் கவலைதான் வேறோர் இடத்தில் உயிருக்கே உலைவைக்கிறது. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் விலையின்றித் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையை உண்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று நம்புகிறவர்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். மாத்திரையால் மலம் கறுத்துப்போவதைக் கண்டு எழுந்த நம்பிக்கையாக இருக்கலாம். உடலில் சேராத இரும்பு வெளியேறுவதால் வரும் நிறம் அது. குழந்தையின் தோலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. 2017இல் எங்கள் மாணவி ஒருத்தி, முதுகலை முதலாண்டிலேயே மணமானவள், ஆறாம் மாதத்தில் வகுப்பில் மயங்கி விழுந்தாள். ஹீமோகுளோபின் ஏழு கிராமுக்குச் சற்றே மேல். கருவுற்ற பெண்ணுக்குப் பதினொன்றுக்குக் குறைந்தாலே சோகை என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அளவுகோல். மாதாமாதம் வாங்கிய மாத்திரைகளை என்ன செய்தாய் என்று துணைவியார் கேட்டார். 'அத்தை வாங்கி வைத்துக்கொள்வார்கள் அம்மா, பிள்ளை கறுத்துவிடுமாம்' என்றாள். அத்தை கொடியவரல்லர். மருமகளுக்கு முருங்கைக்கீரை பொரித்துக் கொடுத்தவர், சும்மா இருக்கும்போது காலைப் பிடித்துவிட்டவர். ஒரு தகர டப்பாவில் அத்தனை மாத்திரைப் பட்டைகளையும் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தார். எறியக்கூட மனம் வரவில்லை. அரசு மருத்துவமனையில் நரம்புவழி இரும்புச்சத்து ஏற்றி அப்பெண்ணைத் தேற்றினார்கள். சோகையோடு பேற்றுக்குப் போகிறவள், வேறொருத்தி தாங்கிக்கொள்ளும் இரத்தப்போக்கைத் தாங்க மாட்டாள். 2019–21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கருவுற்ற பெண்களுள் 52 விழுக்காட்டினர் சோகையுடையோர். நான்காம் மாதம் தொடங்கி நாளொன்றுக்கு ஒன்றாக, குறைந்தது 180 நாளைக்கு அந்த மாத்திரை தரப்படுகிறது. காப்பி, தேநீரோடு உண்டால் இரும்பு உடம்பில் சேராது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ துணைசெய்யும்.

அந்த மாத்திரையில் இரும்போடு ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. அதன் வரலாறு நம் நாட்டோடு தொடர்புடையது என்பது பலர் அறியாதது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைத் தொழிலாளப் பெண்கள் கருக்காலத்தில் ஒருவகைச் சோகையால் மடிவதை ஆராய்ந்தார். கிருமியா என்று தேடினார், இல்லை. உணவில்தான் குறை என்று கண்டார். மலிவான ஈஸ்ட் சாறாகிய மார்மைட்டைக் கொடுத்ததும் பெண்கள் தேறினர். 1931இல் அதை எழுதி வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்த பொருள் பத்தாண்டு கழித்துப் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயர்பெற்றது. குழந்தையின் தண்டுவடக் குழல் மூடிக்கொள்ள அது இன்றியமையாதது என்பது 1991இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில் ஐயமற உறுதியாயிற்று. அக்குழலோ கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போயிற்றா என்று பெண் எண்ணத் தொடங்கும் நேரத்தில் அந்த வேலை முடியும் நிலையில் இருக்கும். ஆகவேதான் கருவுறுமுன்பே அதை உண்ணச் சொல்கிறார்கள். 'தங்கட்டும், பிறகு மருந்தைப் பார்க்கலாம்' என்னும் வீட்டு வழக்கம் இங்கே பயன்படாது.

உணவிலும் இரு துருவங்கள். ஒரு வீட்டில் 'இரண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடு' என்பார்கள். இன்னொரு வீட்டில் பிள்ளை பெருத்துப் பேறு கடினமாகும் என்று அரைவயிற்றோடு எழுப்பிவிடுவார்கள். நம் நாட்டு ஊட்டச்சத்து நிறுவனம் கருவுற்றோர்க்குக் கூடுதலாகப் பரிந்துரைப்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ 350 கலோரி. ஒரு சிறு சிற்றுண்டி அளவு, அவ்வளவே.

2019 டிசம்பர் 26ஆம் நாள் காலையில் கங்கணக் கதிரவமறைப்பு நிகழ்ந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கோவை, திண்டுக்கல் பகுதிகளில் நெருப்பு வளையம் முழுமையாகத் தெரிந்தது. எங்கள் தெருவில் ஏழு மாதக் கருவோடிருந்த பெண்ணை எட்டு மணிக்கு முன்பே அறையில் வைத்துச் சாத்திவிட்டனர். பதினொரு மணி கடக்கும்வரை சோறில்லை, நீரில்லை, இயற்கைக் கடனுக்கும் வெளிவரக்கூடாது. உதடு பிளந்த பிள்ளை பிறந்துவிடுமாம். மேலுதடு இணைவது கருவின் இரண்டாம் மாதத்திலேயே முடிந்துபோகிறது. மூன்றாம் மாதம் முடிவதற்குள் அண்ணமும் மூடிவிடுகிறது. ஏழாம் மாதத்தில் எந்த இராகு வந்தாலும் திறப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. கதிரவனை வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாதென்பது அனைவர்க்கும் பொது. நிறைசூலியை நீரின்றி வைப்பதுதான் உண்மையான கேடு. கிரகணம் கண்டிராத மாதங்களிலும், கிரகணம் தெரியாத நாடுகளிலும் ஏறத்தாழ எழுநூறு குழந்தைக்கு ஒன்று உதட்டுப்பிளவோடு பிறக்கிறது. அறுவையால் அது சீராகும்.

பாட்டிமார் சொன்னதெல்லாம் பிழை என்று எழுதிச் செல்வது எளிது, அது நேர்மையாகாது. மல்லாந்து படுக்காதே, ஒருக்களித்துப் படு என்பார் எங்கள் ஆச்சி. கொடி சுற்றிக்கொள்ளும் என்பது அவர் சொன்ன காரணம். காரணம் பிழை. குழந்தை தன் அசைவாலேயே கொடியைக் கழுத்தில் சுற்றிக்கொள்கிறது. நான்கில் ஒரு குழந்தை வரை அப்படியே பிறக்கிறது, பெரும்பாலும் தீங்கின்றி. ஆனால் அறிவுரை மிகச் சரி. இறுதி மூன்று மாதங்களில் மல்லாந்து உறங்கினால் நிறைந்த கருப்பை பெரிய இரத்தக்குழாய்களை அழுத்துகிறது என்று இன்றைய மருத்துவமும் ஒருக்களித்தே படுக்கச் சொல்கிறது. வளைகாப்பும் அப்படியே. வளையோசை குழந்தைக்குக் கேட்கும் என்பது இட்டுக்கட்டியதன்று. ஏழாம் மாதத்தில் செவி வேலை செய்யத் தொடங்கியிருக்கும். பிறந்து மூன்று நாளுக்குள் குழந்தை தாயின் குரலைப் பிறர் குரலினின்று பிரித்தறிகிறது என்று 1980இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அபிமன்யு அளவுக்குப் பாடம் கேட்குமா என்பது வேறு.

அஞ்ச வேண்டியவற்றுக்கு நாம் அஞ்சுவதில்லை என்பதே எங்கள் மனக்குறை. முகமும் கையும் வீங்கினால் 'நீர்ச்சேர்க்கை, பிள்ளைப்பேற்றோடு போய்விடும்' என்கிறோம். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இவை சேர்ந்தால் அது இரத்தக்கொதிப்பு எழுந்ததன் அறிகுறியாகலாம்; கவனியாதுவிட்டால் வலிப்பில் கொண்டுபோய் விடும். அவ்வலிப்புக்குப் பேய்பிடித்ததென்று வேப்பிலை அடித்த காலம் அவ்வளவு தொலைவில் இல்லை.

2013இல் எங்கள் இரண்டாம் கரு முப்பத்தாறாம் வாரத்தை எட்டியிருந்தது. ஒரு நாள் மாலையிலிருந்து அசைவு குறைந்திருப்பதாகத் துணைவியார் சொன்னார். கடைசி மாதத்தில் இடம் போதாது, பிள்ளை அடங்கித்தான் கிடக்கும் என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். மூன்று பிள்ளை, நான்கு பிள்ளை பெற்றவர்கள். அவர்கள் சொல்லுக்கு எடை உண்டு. முன்பு இழந்தவர்கள் என்பதால் எங்களுக்கு அச்சம் மிகை என்றும் ஒரு பேச்சு எழுந்தது. அதுவும் உண்மையாக இருந்திருக்கலாம். எனினும் மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்: அசைவின் தன்மை மாறலாம், உதைப்பது புரள்வதாகலாம், ஆனால் பேறு வரையிலும் அசைவு குறையக்கூடாது. இரவு பத்தரை மணிக்கு ஆட்டோவில் புறப்பட்டோம். இதயத்துடிப்பைப் பதியும் கருவியின் தாள் நீண்டுகொண்டே வந்தது. அதைப் பார்த்த செவிலியர் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே போனார். நள்ளிரவு கடந்து நாற்பது நிமிடத்தில் அறுவை. பெண்குழந்தை, இரண்டு கிலோ நூறு கிராம். கருப்பையில் நீர் மிகவும் குறைந்திருந்ததாம். காலைவரை காத்திருந்தால் என்று தொடங்கிய மருத்துவர் அவ்வாக்கியத்தை முடிக்கவில்லை. நாங்களும் முடிக்கச் சொல்லவில்லை.

'எட்டாம் மாதப் பிள்ளையோ ஒன்பதாம் மாதப் பிள்ளையோ?' என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார் ஓர் உறவுக்காரர். ஏழில் பிறந்தது தங்கும், எட்டில் பிறந்தது தங்காது என்பது கிரேக்கரிடமும் இருந்த பழநம்பிக்கை. கருப்பையில் தங்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கு வலிமையே தவிர, எட்டாம் மாதத்துக்கெனத் தனியான சாபம் எதுவுமில்லை.

மறுநாள் சேனை வைக்கும் பேச்சு வந்தது. தேனோ சர்க்கரைநீரோ தொட்டு நாவில் வைப்பவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. குடும்பத்தில் யார் குணம் சிறந்தது என்பதில் அரைமணி நேரம் வழக்காடல். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் ஆகாது; அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்து சிசுவின் தசைகளையே செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கவல்லது. சீம்பாலைப் பீச்சிக் கீழே விடச்சொன்ன ஆச்சியிடம், மஞ்சள் நிறம் கெட்டதன் அடையாளமன்று, நோய் எதிர்ப்பாற்றல் செறிந்திருப்பதே அதுதான் என்று செவிலியர் எடுத்துச் சொன்னார். குழந்தை அதைச் சப்புக்கொட்டிக் குடித்தது. குணத்தில் சிறந்தவர் யாரென்ற வழக்கு தீராமலே நின்றுபோயிற்று.

எஞ்சியது தண்ணீர். பெற்றவளுக்கு நீர் கொடுத்தால் வயிறு போடும் என்று நாளைக்கு இரண்டு தம்ளர் என அளந்து வைத்தார்கள். பால் கொடுக்கிற பெண்ணின் நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்ளும். வயிறு பெருத்துத் தெரிவது விரிந்த தசையால், நீரால் அன்று. இதை அம்மாவிடம் சொன்னோம். அம்மா ஒன்றும் மறுமொழி கூறவில்லை. நெடுநேரம் கழித்து, 'உன்னைப் பெற்ற ஏழாம் நாள் ராத்திரி, பிள்ளையைக் குளிப்பாட்ட வைத்திருந்த தண்ணியை எடுத்துக் குடித்தேன். யாருக்கும் தெரியாது' என்றார்கள். பிறகு எழுந்துபோய்ச் சீரகம் போட்டு நீர் காய்ச்சி, பெரிய சொம்பு நிறைய ஊற்றிக் கட்டிலருகே கொண்டுவந்து வைத்தார்கள்.